வலது கைக்கு உறை கிடையாது

கோல்ஃப் ஆடுகிறவர்கள் ஒரு கைக்குத்தான் உறை போடுவார்கள். வலது கைப் பழக்கம் உள்ளவர் என்றால் இடது கைக்கு. வலது கை வெறுமனே ஊர் பார்க்க இருக்கும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மகராசன் யாராக இருந்தாலும், அவன் சிங்கப்பூர் வெயிலைப் பார்த்தவன் இல்லை என்பதில் உம்மு சல்மாவுக்குச் சந்தேகமே கிடையாது.

கப்பல்களுக்கு வால்வு விற்கும் கம்பெனியில் அவள் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். வயது முப்பத்தொன்பது. வால்வைப் பற்றி அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் யாரும் இல்லை. கைதான் அவளுக்குப் பிரச்சினை. உள்ளங்கை இரண்டும் சதா வேர்க்கும். ஏர்கான் அறையிலும் வேர்க்கும். பயந்தால் கூடுதலாக வேர்க்கும். ஐயோ, வேர்க்கிறதே என்று பயந்தாலோ சொட்டவே சொட்டும். டாக்டர் பார்த்துவிட்டு, "இது வியாதி இல்லம்மா, சிலருக்கு உடம்பு வாகு இப்படி" என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். படுக்கப்போகும்முன் தடவினால் காலையில் கை காய்ந்து கிடக்கும். மத்தியானத்துக்குள் பழைய கதைதான்.

இருபத்தைந்து வயதில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். கை குலுக்கிய அதிகாரி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். வேலை கிடைத்தது. ஆனாலும் அந்தக் கைக்குட்டையை அவள் மறக்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இரண்டு கையிலும் கோப்பு, மடிக்கணினி என்று எதையாவது சுமந்துகொண்டே போவாள்.

ஏழு வருடத்துக்கு முன் ஒருநாள் கையில் எதுவும் இல்லாமல் மாட்டிக்கொண்டாள். கப்பல் பட்டறையில் கொள்முதல் பிரிவைப் பார்க்கும் கோவிந்தராசு, முதல் சந்திப்பில் எழுந்து நின்று கையை நீட்டினார். கடலூர்ப் பக்கத்திலிருந்து வெல்டராக வந்து, படிப்படியாக மேலே ஏறி, புக்கிட் மேராவில் வீடு வாங்கிக் குடியிருக்கும் மனிதர். சல்மாவுக்கு அப்போது உள்ளங்கை நனைந்து விரல் நுனிவரை இறங்கியிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கையை நெஞ்சில் வைத்துத் தலையை லேசாகத் தாழ்த்தினாள்.

அவர் பதறிப்போனார். "ஐயோ, மன்னிச்சிடுங்கம்மா. உங்க மார்க்கத்துல ஆம்பளைங்களுக்குக் கை குடுக்க மாட்டீங்கல்ல? தெரியாம நீட்டிட்டேன்."

இல்லை சார், கை வேர்க்கிறது என்று சொல்ல இரண்டு விநாடி போதும். அந்த இரண்டு விநாடியும் அவள் வாயைத் திறக்கவில்லை. தலையில் தூடோங் முக்காடு வேறு இருந்தது. யாருக்குச் சந்தேகம் வரும்? உண்மையிலேயே அப்படிப் பேணி நடக்கும் பெண்கள் அவள் சொந்தத்திலேயே இருந்தார்கள். அவர்களுக்குச் சேரவேண்டிய மரியாதையை இவள் நோகாமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

கோவிந்தராசு அதோடு விடவில்லை. அன்றிலிருந்து அவளுக்குக் காவல் தெய்வமே அவர்தான். புதிதாக எந்த இன்ஜினியர் வந்தாலும், "தம்பி, சல்மாவுக்குக் கை நீட்டாதே, அவங்க பழக்கம் வேற" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். நார்வேக்காரக் கேப்டன் ஒருவரை நடுக் கூட்டத்தில் தடுத்தும் இருக்கிறார். நடுவில் கொரோனா வந்து யாரும் யாரையும் தொடாமல் இருந்த நாள்கள்தான் சல்மா நிம்மதியாக வேலை பார்த்த நாள்கள்.

மூன்று வருடத்துக்கு முன் கோவிந்தராசுவின் மனைவி இறந்துபோனார். அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள் கையை நீட்டுவதும், வீட்டுக்காரர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டி அதை வாங்கிக்கொள்வதும் அவர்கள் பக்கத்து வழக்கம். ஆபீஸ்காரர்கள் எல்லாரும், சீனப் பெண்கள் உட்பட, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சல்மாவின் முறை வந்தது. அழுத கண்ணோடு அவர் அவளிடமும் கைகளை நீட்டினார். பிறகு ஞாபகம் வந்து சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "சாரிம்மா" என்றார். மனைவியைப் பறிகொடுத்த அன்றைக்கு அந்த மனிதர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்றுவரை அவளைவிட்டுப் போகவில்லை.

இப்படி ஏழு வருடம் ஓடிவிட்டது. கோவிந்தராசு அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். அவருக்கு மேலே புதிதாக ஒருவரைப் போட்டிருக்கிறார்கள், வால்வு ஒப்பந்தம் இனி அவர் கையில்தான், வியாழக்கிழமை எல்லாரும் ஒன்றாகக் கோல்ஃப் ஆடலாம் என்று சல்மாவின் மேலாளர் டான் செவ்வாய்க்கிழமை செய்தி அனுப்பினார். புதியவரின் பெயரைப் படித்ததும் சல்மாவுக்குக் கை நனைந்துவிட்டது. யாமினி. ஒரு பெண்.

கோல்ஃபில் ஒரு வழக்கம் உண்டு. பதினெட்டாவது குழியில் கடைசிப் பந்தைப் போட்டதும் தொப்பியைக் கழற்றுவார்கள், உறையைக் கழற்றுவார்கள், எதிரே நிற்பவருக்குக் கை கொடுப்பார்கள். ஆண்கள் என்றால் நெஞ்சில் கை வைத்துத் தப்பிக்கலாம். பெண்ணுக்குப் பெண் கை கொடுக்க எந்த மார்க்கத்திலும் தடை இல்லை. அது கோவிந்தராசுக்கும் தெரியும். யாமினிக்குக் கை கொடுக்காமல் நின்றால், அப்படியானால் ஏழு வருடமாக இவள் ஏன் கொடுக்கவில்லை என்று அவர் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிடுவார். கொடுத்தாலோ, நாலரை மணி நேர வெயிலுக்குப் பிறகு அந்தக் கை இருக்கும் லட்சணம்! யாமினி கைக்குட்டையைத் தேடுவாள்.

"கை வேர்க்கும்னு சொல்லித் தொலையேன். கொலையா பண்ணிட்டே?" என்றான் அவள் கணவன் ரியாஸ். புக்கிட் பாத்தோக் வீட்டின் சமையலறையில் அவள் வீசிப்பார்க்கும் மட்டையிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டுதான் சொன்னான்.

"முதல் நாளே சொல்லியிருந்தா ஒண்ணுமில்ல மச்சான். ஏழு வருஷம் கழிச்சு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

புதன்கிழமை மத்தியானம் லிட்டில் இந்தியாவுக்குப் போனாள். டெஸ்கர் சாலைப் பக்கம் ரவூப் நானாவின் கடையில் கட்டுமான ஊழியர்களுக்கு வேண்டிய பூட்ஸ், கையுறை, துண்டு எல்லாம் கிடைக்கும். கை வழுக்காமல் இருக்க என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"யாருக்கும்மா?"

"வீட்டுக்காரருக்கு."

"பவுடர் வாங்காதே. வேர்வையில குழைஞ்சு மாவாயிடும். பாதி வேர்வை கையில ஊறுறதில்ல, முழங்கையிலேருந்து வழிஞ்சு வருது. மணிக்கட்டுல இந்தத் துணிப் பட்டையைக் கட்டச் சொல்லு. அப்புறம், ஐஸ் தண்ணி பாட்டிலை வெறுங்கையால தொடவே கூடாது. ஒருதரம் தொட்டா ஒரு மணி நேரத்துக்குக் கை காயாது. வெல்டிங் பண்ற பையன்களுக்கெல்லாம் நான் சொல்றது இதுதான்."

அவர் சொன்னதெல்லாம் அவள் மனதில் அப்படியே பதிந்தது. குறிப்பாக அந்த ஐஸ் பாட்டில்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு ஆட்டம் தொடங்கியது. இரண்டு பேர் உட்காரும் கோல்ஃப் வண்டிகள். முன் வண்டியில் யாமினியும் டானும். பின் வண்டியில் சல்மாவும் கோவிந்தராசும். யாமினிக்கு நாற்பது வயது இருக்கும், வேகவேகமாகப் பேசினாள். வந்ததும் கையை நீட்டாமல் மட்டையை ஆட்டி, "ஹலோ, ஹலோ, லேட்டாயிடுச்சு, சாரிலா" என்று ஓடினாள். ஒரு கண்டம் தாண்டியது. கடைசிக் கண்டம் பாக்கி இருந்தது.

சல்மா ஒரு போருக்குரிய தயாரிப்போடு வந்திருந்தாள். எட்டுக் கையுறைகள். உறை இடது கைக்குத்தான், ஆனால் அது நனைந்தால் ஈரம் மட்டைப் பிடி வழியாக வலது கைக்கும் ஏறும். இரண்டு குழிக்கு ஒன்று என்று மாற்றி, கழற்றியதை வண்டிக் கூரையின் விளிம்பில் துணிக் கிளிப்பால் மாட்டிக் காயவிட்டாள். குடைக்குள் கம்பியில் ஒரு துண்டு. அது கைக்கு மட்டும்தான், பந்து துடைக்க வேறு துண்டு. மணிக்கட்டு இரண்டிலும் ரவூப் நானாவின் பட்டை. சன்ஸ்க்ரீனைக்கூடக் கையால் தொடாமல் குச்சியாக வருவதை வாங்கிப் பூசியிருந்தாள். மட்டைகளின் பிடியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்திருந்தாள். குடிக்க ஃப்ளாஸ்க்கில் சாதாரணத் தண்ணீர்.

"என்னம்மா, வண்டியே தோரணம் கட்டின மாதிரி இருக்கு?" என்றார் கோவிந்தராசு.

"வெயில் சார்" என்றாள்.

மூன்று குழி நன்றாகவே போனது. கை ஈரம்தான், ஆனால் அடங்கிய ஈரம். நான்காவது குழியருகே பானக் கடை இருந்தது. கோவிந்தராசு இறங்கிப் போய் இரண்டு ஐஸ் தண்ணீர் பாட்டில்களோடு வந்தார். பாட்டிலின் மேலெல்லாம் நீர் வழிந்தது. ஒன்றை அவளிடம் நீட்டினார்.

சல்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வேண்டாம் சார்."

"முப்பத்திநாலு டிகிரிம்மா. குடிங்க."

"பரவால்ல சார், வேண்டாம்."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "ஓ... இன்னிக்கு வியாழக்கிழமைல்ல? நோன்பா?"

திங்களும் வியாழனும் சிலர் உபரி நோன்பு வைப்பார்கள் என்பதை யாரிடமோ கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறார். அவளுக்காகத்தான் தெரிந்துவைத்திருப்பார். ஆம் என்று அவள் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு சிரிப்பு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக மறுமையில் என்ன பதில் சொல்லப்போகிறோம் என்ற கவலையும் உடனே வந்தது. கைக்காக ஒரு பொய் சொன்னது போய், இப்போது நோன்பிலும் வந்து கை வைத்தாகிவிட்டது.

கோவிந்தராசு இரண்டு பாட்டிலையும் வண்டியின் பின்கூடையில் வைத்து மேலே துணியைப் போட்டு மூடினார்.

இனி அவளும் ஃப்ளாஸ்க்கைத் திறக்க முடியாது. ஒன்பதாவது குழியில் உணவுக் கடை வந்தபோது கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திருடியைப் போல் தண்ணீர் குடித்தாள். வெளியே வந்தால் யாமினியும் டானும் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோவிந்தராசு தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சாப்பிடலையா சார்?"

"வயிறு ஒரு மாதிரியா இருக்கும்மா."

அதை அவள் நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது. மனம் முழுக்கப் பதினெட்டாவது குழியில் கிடந்தது. கையைத் துடைப்பாள், பார்ப்பாள், மறுபடி துடைப்பாள். யாமினி ஏதாவது கேட்டால் ஒரு நொடி தாமதித்துத்தான் பதில் வந்தது. வால்வைப் பற்றிக் கேட்டதற்கே இரண்டு முறை உளறினாள். டான் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பன்னிரண்டாவது குழிக்குள் ஆறு கையுறை நனைந்துவிட்டது, காற்று செத்துப்போய்க் கிடந்ததால் மாட்டியது எதுவும் காயவில்லை. இன்னும் ஆறு குழி. இன்னும் ஒன்றரை மணி நேரம். இரண்டு உறை. மனதுக்குள் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் இருந்த மனிதரைக் கவனிக்கவில்லை.

பதினான்காவது குழியில் கோவிந்தராசு மட்டையை வீசினார். பந்தில் படவில்லை. சிரித்துக்கொண்டே மறுபடி வீசினார். அதுவும் படவில்லை. மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார். முகம் வெளுத்து, உதடு வெடித்துத் தெரிந்தது.

"சார்?"

"தலை லேசா சுத்துது. ஒண்ணுமில்ல" என்று சொல்லும்போதே அவர் முழங்கால் மடங்கியது.

சல்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகுதான் பிடித்திருப்பது தெரிந்தது. அவர் கை சில்லென்று பிசுபிசுத்தது. டானும் ஓடிவந்து மறுபக்கம் தாங்கினார். பக்கத்தில் மின்னல் நேரத்தில் ஒதுங்குவதற்கான கொட்டகை இருந்தது, அங்கே பெஞ்சில் உட்கார்த்திவைத்தார்கள். யாமினி திடல் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். தொடர்பு சரியில்லை என்று இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு ஆளைக் கூட்டிவரப் போனார்கள்.

சல்மா பின்கூடைத் துணியை விலக்கினாள். இரண்டு பாட்டிலும் அப்படியே இருந்தன. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. ஐஸ் கரைந்து, தண்ணீர் சுடாத குறைதான்.

ஐம்பத்தெட்டு வயது மனிதர், இந்த வெயிலில், மூன்றரை மணி நேரமாக, அவளுக்காக ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல்.

மூடியைத் திருகினாள். ஈரக் கையில் அது வழுக்கியது. மறுபடி திருகினாள், மறுபடியும் வழுக்கியது. பல்லால் கடித்துத் திறந்து அவர் வாயருகே கொண்டுபோனாள்.

அவர் தலையை ஆட்டினார். "வேணாம்மா. நீங்க நோன்பு. உங்க முன்னாடி எப்படி..."

சல்மா பாட்டிலைத் தன் வாயில் வைத்தாள். மடமடவென்று பாதித் தண்ணீரைக் குடித்தாள். தூடோங் எல்லாம் நனைந்தது. வாயைத் துடைக்காமலே சொன்னாள், "எனக்கு நோன்பு இல்ல சார். இன்னிக்கு நோன்பே இல்ல. அல்லாவுக்காகக் குடிங்க."

மற்ற பாட்டிலை அவர் வாங்கினார். மெதுவாகக் குடித்தார். கைக்கு என்று வைத்திருந்த துண்டை அவள் ஃப்ளாஸ்க் தண்ணீரில் நனைத்து அவர் பிடரியில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"அப்புறம் ஏம்மா தண்ணி வேணாம்னீங்க?"

சல்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கோடுகளில் தண்ணீர் நின்றது, விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது.

"கை வேர்க்கும் சார். சின்ன வயசிலேருந்து. ஐஸ் பாட்டிலைத் தொட்டா இன்னும் மோசமாயிடும். யாமினிக்குக் கடைசியில கை குடுக்கணுமேன்னு பயம்." கையை மடக்கிக்கொண்டாள். ஆனாலும் நிறுத்தவில்லை. "நெஞ்சுல கை வைக்கிறதும் அதுக்குத்தான். மார்க்கத்துக்காக இல்ல. முதல் நாள் நீங்க அப்படி நினைச்சீங்க. நான் சும்மா இருந்துட்டேன்."

கோவிந்தராசு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார். அவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தை.

"அன்னிக்குமா?"

எந்த நாளைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. கீழ்த்தளம், நாற்காலிகள், நீட்டிய கை, இழுத்துக்கொண்ட கை.

"அன்னிக்கும்தான் சார்."

அவர் மடியிலிருந்த பாட்டிலை மூடினார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

முதலுதவி ஆள் வந்து நாடியைப் பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, உப்புக் கரைசல் கொடுத்தார். பரவாயில்லை, ஆனால் இனி ஆடக்கூடாது என்றார். யாமினி வீட்டுக்கு அனுப்பப் பார்த்தாள். "வண்டியில உக்காந்து வரேன்லா, முடியறவரைக்கும் இருக்கேன்" என்று கோவிந்தராசு பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

கடைசி நான்கு குழியும் சல்மா ஓட்டினாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டு வந்தார். ஏழு வருடத்தில் அந்த மனிதர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவள் பார்த்ததில்லை. வண்டிக் கூரையில் தொங்கிய உறைகளை அவள் மாற்றவே இல்லை. பதினாறாவது குழியில் மட்டை கையைவிட்டு நழுவிப் பத்தடி தள்ளிப் போய் விழுந்தது. நல்லவேளை, அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஒப்பந்தம், யாமினி, பதினெட்டாவது குழி எல்லாம் எங்கோ போய்விட்டன. அவர் இனி தன்னைப் பார்த்துச் சிரிப்பாரா என்ற ஒரே பயம்தான் மிச்சம்.

கடைசிப் பந்து விழுந்தது. யாமினி தொப்பியைக் கழற்றினாள், உறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள், கையை நீட்டினாள். சல்மா துடைக்காமலே கொடுத்தாள். யாமினியின் கையிலும் வேர்வையும் சன்ஸ்க்ரீனும் குழைந்து வழவழத்தது. "என்னா ஹாட்லா இன்னிக்கு! மண்டே ஆபீஸ் வாங்க, அந்த வால்வு மேட்டரப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுக் கையைப் பாவாடையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, அதே வேகத்தில் டானுக்கும் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தாள். அவ்வளவுதான். இதற்காகவா எட்டுக் கையுறை என்று சல்மா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் வண்டி அசையும் சத்தம் கேட்டது. கோவிந்தராசு கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் புல்லில் மெதுவாக நடந்து வந்தார். தொப்பியைக் கழற்றியிருந்தார். அவள் எதிரே வந்து நின்றார். அவர் நெஞ்சில் கை வைப்பாரா, கையை நீட்டுவாரா, அல்லது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் போவாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் இரண்டு கையையும் சேர்த்து முன்னால் நீட்டினார். அன்றைக்குக் கீழ்த்தளத்தில் நீட்டியதுபோலவே நீட்டினார். இந்த முறை இழுத்துக்கொள்ளவில்லை.

சல்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஒரு நிமிஷம் சார், துடைச்சிட்டு வரேன்" என்று துண்டுக்காகத் திரும்பினாள்.

"துடைக்க வேணாம்மா. அப்படியே குடுங்க."

அவள் சொட்டும் இரண்டு கையையும் அவர் கைமேல் வைத்தாள். மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது தானாக வந்தது.

"அக்கா போனது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு சார்."

கோவிந்தராசு தலையை ஆட்டினார். அங்கே யாமினி வண்டியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் கையை எடுக்கவில்லை.